ஒன்றரைப் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு

செட்டியார் தெருவில் கடைகள் திறக்க
ஒன்பதரை ஆகும்.
கொரற்றி நாலு மணிக்கே வந்துவிடுவாள்,
ஒரு தும்புத்தடி, ஒரு தாச்சி, இரண்டு வாளியோடு.
பட்டறை வாசல்களை முதலில் கூட்டுவாள்.
பிறகு கானுக்குள் கை விடுவாள்.

பத்தர்மார் கை கழுவிய தண்ணீர்,
அரம் தின்று துப்பிய தூள்,
வியர்வைத் துணியை உதறும்போது விழுந்தது
எல்லாம் ஓடிவந்து தங்கும் சேறு.
அவள் அதைச் சேறு என்பதில்லை.
"இன்னைக்கு மண் நல்லம்" என்பாள். அல்லது
"மழை வந்து என் மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயிட்டு."

நான் எதிர்க்கடையில் அடைவு பிடிப்பவன்.
உரைகல், அசிட் போத்தல், தராசு.
முப்பத்தொரு வருடம்.
எனக்குத் தெரிந்த தங்கமெல்லாம்
ஏதோ ஒன்றாக இருந்துவிட்டுத்தான் என்னிடம் வரும்.
தோடு. கொடி. பிள்ளையின் அரைஞாண்.
ஒருமுறை ஒரு கடைவாய்ப் பல்;
யாருடையது என்று நான் கேட்கவில்லை,
துண்டில் நிறையை மட்டும் எழுதினேன்.
முதலாம் குறுக்குத் தெருப் பொடியன் ஒருத்தன்
பழைய போன்களின் பலகையை அமிலத்தில் கரைத்து
மிளகளவில் ஒரு மணி கொண்டுவருவான்.
அதற்குள் எத்தனை பேரின் "ஹலோ" இருந்ததோ.

கண்ணாடித் தட்டில் கிடக்கும் புது மோதிரத்தில்
யார் யார் உருகியிருக்கிறார்கள்?
ஏதோ ஒரு ராசாவின் தலை போட்ட காசு,
ஒரு ஒல்லாந்தனின் பொத்தான்,
எண்பத்துமூன்று ஆடியில்
அரைவிலைக்குக் கைமாறிய காப்பு.
தங்கத்தில் துருப்பிடிக்காது.
ஒன்றுமே பிடிக்காது.

தம்பி சுகிர்தன் படகில் போனவன்.
ஆறு வருடம் முகாம். இப்போது
மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சுரங்க ஊரில் லொறி ஓட்டம்.
ஞாயிறுகளில் காதில் கருவி மாட்டிக்கொண்டு
செம்மண்ணில் நடப்பானாம்.
"பெரும்பாலும் ஆணி, அண்ணா.
பியர் மூடி. ஒருக்கால் ஒரு குதிரை லாடம்."

போன மாதம் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான்,
மாத்திரைப் போத்தலுக்குள், பஞ்சு சுற்றி.
கூட ஒரு துண்டு:
"விற்காதே என்று சொல்லவில்லை.
முதலில் பார்."

பார்த்தேன்.
கட்டி என்று சொல்ல வாய் வரவில்லை.
கட்டி என்றால் எங்களுக்கு முத்திரை குத்திய சதுரம்.
இது ஒடித்துப்போட்ட இஞ்சி மாதிரி,
குழிகளில் இன்னும் அந்த ஊர்ச் செம்மண்.
பதினொரு கிராமும் சொச்சமும்.

பழக்கத்தில் கை உரைகல்லுக்குப் போய்
நின்றுவிட்டது.
நகையென்றால் உட்புறம் இருக்கும்,
உடம்பில் படுகிற, வெளியே தெரியாத இடம்.
அங்கேதான் உரசுவோம்.
இதற்கு மறைவான பக்கமே இல்லை.
இதை ஒருத்தியும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.
வட்டி கட்டப் பிந்தியதற்காக
இதைப் பார்த்து ஒருவரும் அழவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார்.
"உருக்கினாத்தான் மாற்றுத் தெரியும்.
வெள்ளி கலந்திருக்கும். தாறீரா?"
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஐந்து மணிக்கே போனேன்.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.
கொரற்றியின் கையில் போத்தலைக் கவிழ்த்தேன்.
அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.
தாச்சியில் போட்டு, தண்ணீர் விட்டு,
இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
அது இடத்தைவிட்டு அசையவில்லை.

"எந்தக் கான்ல எடுத்தது?"

கான் இல்லை என்றேன். அவுஸ்திரேலியா.

"அங்கயும் பட்டறை இருக்கா?"

இல்லை. வெறும் காடு.
மண்ணில் தானாகவே கிடந்தது.

"தானாவா?" என்றாள்.
தாச்சியைத் தரையில் வைத்தாள்.
"ஒருத்தரும் தொலைக்காமயா?"

என்னிடம் பதில் இல்லை.
அவள் அதைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.
பிறகு விரல்களைத் தாச்சிக்குள்ளேயே கழுவினாள்,
ஒவ்வொன்றாக, நக இடுக்குவரை.